முதலில் சரியாக அளப்போம்

(மலேசியாவின் மெர்சிங்கில் பொதுமக்களுக்கும் கிளினிக் பணியாளர்களுக்கும் குடும்ப மருத்துவர் ஒருவர் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



இரத்த அழுத்தத்தைப் பற்றிப் பேச வருகிறவர்கள் உப்பைக் குறையுங்கள், தினமும் நடங்கள், மாத்திரையை விடாதீர்கள் என்று சொல்வது வழக்கம். அவை எல்லாம் உண்மை. அவற்றை நானும் சொல்கிறவன்தான். இன்று அவற்றுக்கு முந்திய ஒன்றைப் பேச வந்திருக்கிறேன். உங்களுக்கு டாரா திங்கி இருக்கிறது, பிரஷர் இருக்கிறது என்று சொல்கிறோமே, அதை எதை வைத்துச் சொல்கிறோம்? கையில் ஒரு பட்டையைக் கட்டி, ஒரு நிமிடத்துக்குள் எடுத்த ஓர் எண்ணை வைத்து. அந்த எண் சரியாக எடுக்கப்பட்டதா என்பதுதான் இன்றைய பேச்சு.

நம் நாட்டின் உயர் இரத்த அழுத்த சிகிச்சை வழிகாட்டியின் ஐந்தாம் பதிப்பு 2018-இல் வந்தது. கிளினிக்கில் எடுக்கும் அளவு 140/90 அல்லது அதற்கு மேல் இருந்தால் உயர் இரத்த அழுத்தம் என்பது அதன் வரையறை. ஒரே ஒரு தடவை எடுத்ததை வைத்து முடிவு கட்டும்படி அது சொல்லவில்லை. வேறு வேறு நாள்களில், முறையாக எடுத்த அளவுகளின் சராசரியைத்தான் பார்க்கச் சொல்கிறது. ஆனால் கூட்டம் நிறைந்த காலை வேளையில் நடப்பது என்ன? மேல் எண் 136 என்றால், “ஒன்றுமில்லைம்மா, போய் வாங்க” என்கிறோம். 144 என்றால் ஒரு கோப்பு திறக்கிறது. ஆயுள் முழுக்க மாத்திரை, காப்புறுதிப் பாரத்தில் ஒரு குறி, வீட்டில் எல்லோருக்கும் ஒரு கவலை. இந்த இரண்டுக்கும் நடுவே இருப்பது எட்டே எட்டு மில்லிமீட்டர் பாதரசம்.

கால் மேல் கால் போட்டு உட்கார்ந்தாலே மேல் எண் 2 முதல் 8 வரை ஏறும். அளக்கும்போது பேசிக்கொண்டிருந்தால் 10 ஏறலாம். சிறுநீரை அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தால் அதுவும் ஏறக்குறைய அதே அளவுக்கு ஏற்றிவிடும். முதுகுக்குச் சாய்மானம் இல்லாத ஸ்டூலில் உட்கார வைத்தால் கீழ் எண் உயரும். உடம்புக்குள் எதுவும் மாறவில்லை. உட்கார்ந்த விதத்தாலேயே ஒரு மனிதர் கோட்டைத் தாண்டி நோயாளி ஆகிவிடுகிறார். இதன் மறுபக்கம் இன்னும் மோசமானது. பட்டை கைக்குப் பெரிதாக இருந்தாலும், கை நெஞ்சு மட்டத்துக்கு மேலே தூக்கியிருந்தாலும், காற்றை வேகமாக இறக்கிவிட்டாலும் மேல் எண் குறைந்து காட்டும். பக்கவாதத்தை நோக்கிப் போய்க்கொண்டிருப்பவரை, “நல்லா இருக்கு” என்று சொல்லி வீட்டுக்கு அனுப்பிவிடுவோம்.

ஐந்து மில்லிமீட்டர் பிழை பெரிதா என்று கேட்பவர்கள் உண்டு. 2003-இல் அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் இதழில் வந்த ஒரு கட்டுரை இதைக் கணக்குப் போட்டுக் காட்டியது. அமெரிக்கா முழுக்க 5 மி.மீ. குறைத்து அளந்தால், சிகிச்சை வேண்டியவர்களில் 21 மில்லியன் பேர் கண்ணுக்குத் தப்பிவிடுவார்கள். 5 மி.மீ. கூட்டி அளந்தால், 27 மில்லியன் பேர் வீணாக மாத்திரை சாப்பிடுவார்கள். நாம் சின்ன நாடு. ஆனாலும் நம் கணக்கும் சின்னதில்லை. 2019-இல் நடந்த தேசிய சுகாதார, நோயுற்ற நிலை ஆய்வின்படி மலேசியாவில் வயது வந்தவர்களில் 30 விழுக்காட்டினருக்கு, ஏறத்தாழ 6.4 மில்லியன் பேருக்கு, உயர் இரத்த அழுத்தம் இருந்தது. அவர்களில் கிட்டத்தட்டப் பாதிப் பேருக்குத் தங்களுக்கு அது இருப்பதே தெரியாது. 2023 ஆய்விலும் மொத்த விகிதம் 29.2 விழுக்காடு, பெரிய மாற்றமில்லை. நம் இந்தியச் சமூகத்துக்கு இன்னொரு சுமையும் உண்டு. 2019 ஆய்வில் நீரிழிவு மிக அதிகமாக இருந்தது நம்மிடம்தான், 31.4 விழுக்காடு. சர்க்கரையும் அழுத்தமும் கூட்டுச் சேர்ந்தால் முதலில் அடிபடுவது சிறுநீரகம். டயாலிசிஸ் நாற்காலியில் வாரம் மூன்று நாள் உட்கார்ந்திருக்கும் உறவினர் ஒருவராவது இல்லாத குடும்பம் இந்த அவையில் குறைவு.

தலைவலி வந்தால்தான் பிரஷர், பிடரி இழுத்தால்தான் பிரஷர் என்று நம்பியிருப்பவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். பெரும்பாலோருக்கு இந்த நோய் எந்த அறிகுறியும் காட்டாது. அதைக் காட்டிக் கொடுப்பது அந்த எண் ஒன்றுதான். அதனால்தான் அது பிசகக் கூடாது என்று இவ்வளவு வற்புறுத்துகிறேன்.

இந்த அளவைக்கு ஒரு வரலாறு உண்டு; இன்று நாம் செய்யும் தவறுகள் அந்த வரலாற்றிலேயே தென்படுகின்றன. ஸ்டீபன் ஹேல்ஸ் என்ற இங்கிலாந்துப் பாதிரியார் ஒரு பெண் குதிரையின் தொடைத் தமனியில் குழாயைச் செருகி, அதை நீண்ட கண்ணாடிக் குழாயோடு இணைத்துப் பார்த்தார். இரத்தம் எட்டடிக்கு மேல் ஏறி நின்று, ஒவ்வொரு துடிப்புக்கும் மேலும் கீழும் ஆடியது. அதை அவர் 1733-இல் நூலாக வெளியிட்டார். மனிதர்களுக்குக் கையில் பட்டை கட்டி அளக்கும் வழி வர இன்னும் 160 ஆண்டுகளுக்கு மேல் ஆனது. 1896-இல் இத்தாலியின் தூரின் நகரில் ரீவா-ரோச்சி என்ற மருத்துவர் மேற்கையைச் சுற்றிக் காற்றுப் பட்டை கட்டி, மணிக்கட்டில் நாடி மறையும் இடத்தைப் பாதரசத்தில் படித்தார். அவருடைய பட்டையின் அகலம் சுமார் 5 சென்டிமீட்டர். பட்டை குறுகலாக இருந்தால் அளவு கூடிக் காட்டும் என்பதை 1901-இலேயே ஜெர்மானியரான ரெக்லிங்ஹவுசன் கண்டு, அகலமான பட்டைக்கு மாற்றினார். நூற்றிருபது ஆண்டுகளுக்கு மேலாகத் தெரிந்த செய்தி இது. இன்றும் பல கிளினிக்குகளில் ஒரே ஒரு பட்டைதான் இருக்கிறது. மெலிந்த பாட்டிக்கும் அதே, மீன்பிடிப் படகில் வலை இழுத்து உரமேறிய கைக்கும் அதே.

1905-இல் ரஷ்ய அறுவை மருத்துவர் நிக்கோலாய் கொரொட்கோவ் பட்டைக்குக் கீழே ஸ்டெதஸ்கோப்பை வைத்தார். ரஷ்ய-ஜப்பானியப் போரில் காயம்பட்டவர்களின் இரத்தக் குழாய்களைக் காதால் கேட்டுப் பழகியவர் அவர். காற்றை மெல்ல இறக்கும்போது ஓரிடத்தில் தட்டும் ஓசை தொடங்குகிறது. அது மேல் எண். ஓசை மறையும் இடம் கீழ் எண். ஒரு பக்கம்கூட நிரம்பாத குறிப்பில் அவர் எழுதி வைத்த அந்த முறையில்தான் உலகம் நூறாண்டு ஓடியது. பிறகு பாதரசம் நஞ்சு என்பதால் 2013-இன் மினமாட்டா உடன்படிக்கை பாதரச அழுத்தமானிகளுக்கு 2020-ஐ எல்லையாக வைத்தது. நம் தோட்டங்களில் டிரெசர் எனும் மருத்துவ உதவியாளர் திறந்து வைத்த அந்த நீளப் பெட்டியை நினைவில் வைத்திருப்பவர்கள் இங்கே இருப்பீர்கள். அந்தப் பெட்டி போய், இப்போது பொத்தான் அழுத்தும் டிஜிட்டல் கருவி வந்துவிட்டது.

டிஜிட்டல் கருவி எதையும் கேட்பதில்லை. பட்டையில் இருக்கும் காற்றில் நாடி உண்டாக்கும் அதிர்வைத்தான் அது உணர்கிறது. அதிர்வு உச்சத்தில் இருக்கும் இடம் சராசரி அழுத்தம். அதிலிருந்து மேல் எண்ணையும் கீழ் எண்ணையும் தனக்குள் இருக்கும் ஒரு கணக்கால் அது ஊகித்துச் சொல்கிறது. அந்தக் கணக்கு ஒவ்வொரு நிறுவனத்துக்கும் வேறு. யாரும் அதை வெளியே சொல்வதில்லை. அதனால் எந்தக் கருவி தனிச் சோதனையில் தேறியது என்று பார்ப்பது முக்கியம். விற்பனைக்குப் பதிவு பெற்றிருப்பது ஒன்று, அளவில் துல்லியம் என்று மெய்ப்பிக்கப்பட்டிருப்பது வேறொன்று. ஸ்ட்ரைட் பி.பி. என்ற பன்னாட்டு அமைப்பு, அப்படித் தேறிய கருவிகளின் பட்டியலை யாரும் பார்க்கும்படி இணையத்தில் வைத்திருக்கிறது. வாங்குவதற்கு முன் உங்கள் பிள்ளைகளைத் தேடிப் பார்க்கச் சொல்லுங்கள். மேற்கையில் கட்டும் வகையே வாங்குங்கள். மணிக்கட்டுக் கருவி, கை எந்த உயரத்தில் இருக்கிறது என்பதைப் பொறுத்து எண்ணை மாற்றிவிடும். கைக்கடிகாரத்தில் பட்டை இல்லாமல் அழுத்தம் காட்டும் வசதியை நம்பி எந்த மாத்திரையையும் கூட்டவோ குறைக்கவோ வேண்டாம்.

இனி மெர்சிங்குக்கு வருகிறேன். நம் கிளினிக்குகளுக்கு வருகிறவர்கள் எப்படி வந்து சேருகிறார்கள் என்று எண்ணிப் பாருங்கள். ஒருவர் எண்டாவிலிருந்து மோட்டார் சைக்கிளில் காற்றை எதிர்த்து வருகிறார். இன்னொருவர் பெல்டா தெங்காரோவிலிருந்து லாரிகளுக்கு நடுவே வண்டி ஓட்டிக்கொண்டு வருகிறார். தீவிலிருந்து படகில் வந்தவர், திரும்பும் படகுக்கு நேரமாகிறதே என்ற பதைப்போடு உட்கார்ந்திருக்கிறார். நவம்பர் முதல் பிப்ரவரி வரை வாடைக்காற்று மழையில் நனைந்து, ஏர்கோன் குளிரில் நடுங்கிக்கொண்டு ஒருவர். ஜெட்டி ஓரக் கடையில் கோப்பி குடித்து, சிகரெட்டை அணைத்துவிட்டு நேராக ஒருவர். நம்பர் கூப்பிட்ட உடனே எழுந்து வருகிறார்கள். உட்காருவதற்குள் பட்டை கையில் ஏறிவிடுகிறது. “எங்கிருந்து வர்றீங்க, சாப்பிட்டாச்சா?” என்று அன்பாகத்தான் கேட்கிறோம். அந்த அன்பான கேள்விக்கு அவர் சொல்லும் பதிலே மேல் எண்ணை ஏற்றுகிறது.

அளப்பதற்கு முன் அரை மணி நேரம் கோப்பி, சிகரெட், கடுமையான வேலை வேண்டாம். சிறுநீர் கழித்துவிட்டு வரட்டும். பிறகு ஐந்து நிமிடம் சும்மா உட்காரட்டும். முதுகு சாய்ந்திருக்க, பாதங்கள் தரையில் பட, கால்கள் பின்னாமல். அந்த ஐந்து நிமிடமும் பேச்சில்லை, கைத்தொலைபேசி இல்லை. அளக்கிறவரும் பேசக் கூடாது. இவ்வளவுதான். இதற்குப் பணம் தேவையில்லை. ஆனால் நம் நாட்டு கிளினிக்குகளில் மிகவும் அரிதாகக் கிடைப்பது இந்த ஐந்து நிமிடம்தான்.

கை எங்கே இருக்க வேண்டும் என்பதை நாம் போதிய அளவுக்குப் பொருட்படுத்துவதில்லை. பட்டையின் நடுப்பகுதி இதயத்தின் மட்டத்தில் இருக்க வேண்டும். கையை மேசை தாங்க வேண்டும், நோயாளி தூக்கிப் பிடிக்கக் கூடாது. இதயத்துக்குக் கீழே ஒவ்வொரு சென்டிமீட்டருக்கும் அளவு ஏறக்குறைய முக்கால் மில்லிமீட்டர் கூடும். இது உடலின் விந்தை எதுவுமில்லை, இரத்தத்தின் எடை. ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தார் 2024-இல் 133 பேரை வைத்து இதைச் சோதித்தார்கள். மேசையில் கையை வைத்து எடுத்ததைவிட, மடியில் வைத்து எடுத்தபோது மேல் எண் சராசரியாக 3.9 கூடியது. பக்கவாட்டில் தொங்கவிட்டு எடுத்தபோது 6.5 கூடியது. நம்மில் பலருக்குக் கையை மடியில் வைத்துத்தானே அளந்திருக்கிறார்கள்?

அதே பல்கலைக்கழகத்தின் 2023 ஆய்வு பட்டையைப் பற்றியது. பெரிய பட்டை வேண்டிய கைக்கு வழக்கமான பட்டையைக் கட்டினால் மேல் எண் சராசரியாக 4.8 கூடியது. மிகப் பெரிய பட்டை வேண்டிய கையில் அதே வழக்கமான பட்டை 19.5 கூட்டிக் காட்டியது. இருபது மில்லிமீட்டரை ஒட்டிய பிழை! 125 உள்ள ஒருவரை 144 என்று எழுதி, மாத்திரை கொடுத்து, அடுத்த மாதமும் அதே பட்டையால் அளந்து, “குறையவே இல்லையே” என்று இரண்டாவது மாத்திரையையும் சேர்த்தால், அவர் குளியலறையில் தலைசுற்றி விழுவதற்குக் காரணம் யார்? ஒரு தையல் நாடாவை எடுத்து, தோளுக்கும் முழங்கைக்கும் நடுவே கையின் சுற்றளவைப் பாருங்கள். பெரும்பாலான பட்டைகளின் மேலேயே எத்தனை சென்டிமீட்டர் கைக்கு உரியது என்று அச்சிட்டிருக்கும். 22 முதல் 32 வரை, 32 முதல் 42 வரை என்று. கிளினிக்கில் குறைந்தது மூன்று அளவுப் பட்டைகள் இருக்க வேண்டும். நோயாளியின் அட்டையில் “பெரிய பட்டை” என்று ஒரு முறை எழுதி வைத்துவிட்டால், அடுத்த முறை யார் அளந்தாலும் பிசகாது.

சட்டையின் மேலே கட்டாதீர்கள். பாஜு கூரோங்கின் நீளக் கையோ, முழுக்கைச் சட்டையோ இருந்தால் அதைச் சுருட்டி மேலே ஏற்றுவதும் தவறு. சுருட்டிய துணி கையை இறுக்கும். நம் பெண்களின் இறுக்கமான ரவிக்கைக் கையிலும் இதே சிக்கல். ஒரு திரையும், கழற்றிவிட்டு ஒரு கையை மட்டும் வெளியே எடுத்துக்கொள்ள ஒரு துணியும் கிளினிக்கில் இருந்தால் போதும். பெண் பணியாளர் ஒருவர் அளந்தால் கூச்சமும் தீரும். டயாலிசிஸுக்காக ஃபிஸ்டுலா வைத்த கையில் பட்டையைக் கட்டவே கூடாது. நோயாளிகளே இதைச் சத்தமாகச் சொல்லி நிறுத்த வேண்டும்.

முதல் தடவை வருகிறவருக்கு இரு கைகளிலும் அளக்க வேண்டும். 10-க்கு மேல் வித்தியாசம் நிலையாக இருந்தால், இனி எப்போதும் கூடுதலாகக் காட்டும் கையில்தான் அளக்க வேண்டும். 15-க்கு மேல் வித்தியாசம் இருப்பவர்களுக்குக் கால், கை இரத்தக் குழாய்களில் அடைப்பு இருக்கும் வாய்ப்பு கூடுதல் என்று இங்கிலாந்துப் பொது மருத்துவர் கிறிஸ்டோபர் கிளார்க்கும் அவர் குழுவினரும் 2012-இல் லான்செட் இதழில் காட்டினார்கள். பொது மருத்துவர் ஒருவர் தம் கிளினிக் வேலையிலிருந்தே இப்படிப்பட்ட கேள்வியை எழுப்பினார் என்பது எனக்குப் பெருமையான செய்தி.

பட்டையைக் கட்டுவதற்கு முன் மணிக்கட்டில் விரல் வைத்து நாடியைப் பாருங்கள். நம் முன்னோர் நாடி பிடித்துப் பார்த்த அதே இடம். துடிப்பு தாளம் தவறி, ஒழுங்கே இல்லாமல் வந்தால் இதய மேலறைத் துடிப்பு சிதறியிருக்கலாம். அப்போது டிஜிட்டல் கருவியின் ஒற்றை எண்ணை நம்ப முடியாது. ஸ்டெதஸ்கோப்பால், சில தடவைகள் அளந்து சராசரி பார்க்க வேண்டும். அதைவிட முக்கியம், அந்தச் சிதறிய துடிப்பே பக்கவாதத்துக்கு ஒரு காரணம். பொத்தானை மட்டும் அழுத்துகிற கிளினிக்கில் அது தெரியாமலே போய்விடும்.

முதியவர்களுக்கும் சர்க்கரை உள்ளவர்களுக்கும் உட்கார வைத்து எடுத்த பிறகு, எழுந்து நிற்க வைத்து, ஒன்றிலிருந்து மூன்று நிமிடத்துக்குள் மறுபடி அளக்க வேண்டும். மேல் எண் 20 அல்லது கீழ் எண் 10 இறங்கினால், அவர் விழுந்து இடுப்பு எலும்பு முறியும் ஆபத்தில் இருக்கிறார். அவருக்கு மாத்திரையைக் கூட்டுவதற்கு முன் இருமுறை யோசிக்க வேண்டும். கர்ப்பிணிகளுக்கு இன்னொரு எச்சரிக்கை: கர்ப்ப கால நச்சு அழுத்தத்தில் (பிரி-எக்லாம்ப்சியா) சில டிஜிட்டல் கருவிகள் குறைத்துக் காட்டுவதுண்டு. கர்ப்பிணிகளுக்கென்று சோதிக்கப்பட்ட கருவியாகப் பார்த்து வாங்குங்கள். கையில் பிங்க் நிறக் கர்ப்ப காலப் பதிவுப் புத்தகத்தோடு வரும் பெண்ணின் எண்ணை அவசரத்தில் எழுதாதீர்கள்.

எத்தனை தடவை? குறைந்தது இரண்டு, ஒரு நிமிட இடைவெளியில். முதல் அளவு பெரும்பாலும் கூடுதலாகவே இருக்கும். இரண்டுக்கும் வித்தியாசம் அதிகமென்றால் மூன்றாவது. எழுதும்போது வந்த எண்ணையே எழுதுங்கள். 140/90, 130/80, 120/80 என்று பூஜ்யத்தில் முடியும் எண்ணாக மாற்றாதீர்கள். என் சக மருத்துவர்களுக்கு ஒரு சோதனை சொல்கிறேன். உங்கள் கிளினிக்கின் கடந்த நூறு பதிவுகளை எடுத்து, மேல் எண் பூஜ்யத்தில் முடிவது எத்தனை என்று எண்ணுங்கள். டிஜிட்டல் கருவி என்றால் பத்தில் ஒன்றுதான் பூஜ்யத்தில் முடிய வேண்டும். பாதிக்கு மேல் பூஜ்யமாக இருந்தால், அங்கே யாரோ அளக்காமல் ஊகித்துக்கொண்டிருக்கிறார்கள்.

மருத்துவரே அளப்பதுதான் சிறந்தது என்று நம்புகிறவர்கள் நிறைய. உண்மை அதற்கு எதிராக இருக்கிறது. 1983-இல் இத்தாலியில் மான்சியாவும் அவர் குழுவினரும் மருத்துவமனை நோயாளிகளின் தமனிக்குள்ளேயே அழுத்தத்தைத் தொடர்ந்து பதிவு செய்துகொண்டிருந்தார்கள். மருத்துவர் கட்டிலருகே வந்து கையில் பட்டையைக் கட்டத் தொடங்கிய சில நிமிடங்களில் மேல் எண் சராசரியாக 27 ஏறியது. பின்னர் அதே குழு தாதியை அளக்க வைத்துச் சோதித்தபோது ஏற்றம் அதைவிடக் குறைவு. கிளினிக்கில் மட்டும் உயர்ந்து வீட்டில் சரியாக இருப்பவர்கள் ஒரு வகை. கிளினிக்கில் சரியாக இருந்து வீட்டிலும் வேலையிடத்திலும் உயர்ந்திருப்பவர்கள் இன்னொரு வகை. இந்த இரண்டாம் வகையினரை எந்த கிளினிக்கும் தானாகக் கண்டுபிடிக்க முடியாது. இவர்களுக்குத்தான் ஆபத்தும் அதிகம்.

படிப்புப் பட்டம் கையை நேராக வைக்கச் சொல்லித் தராது. 2015-இல் அமெரிக்க மருத்துவச் சங்கக் கூட்டத்துக்கு வந்த 159 மருத்துவ மாணவர்களை, அளக்கும் போது செய்ய வேண்டிய 11 செயல்களை வைத்துச் சோதித்தார்கள். பதினொன்றையும் சரியாகச் செய்தவர் ஒரே ஒருவர். சராசரி நான்கு. முறையாகப் பழக்கப்பட்டவர், மருத்துவராக இல்லாவிட்டாலும், நன்றாக அளப்பார் என்பதற்கு நம் நாட்டிலேயே சான்று இருக்கிறது. ஹோப்-4 என்ற ஆய்வு மலேசியாவிலும் கொலம்பியாவிலும் 30 சமூகங்களில் 1,371 பேரிடம் நடந்து 2019-இல் லான்செட்டில் வெளிவந்தது. மருத்துவர் அல்லாத சுகாதாரப் பணியாளர்கள் கையடக்கக் கணினியில் உள்ள வழிமுறையைப் பின்பற்றி அளந்தார்கள், ஆலோசனை சொன்னார்கள், மருத்துவர்களின் மேற்பார்வையில் மருந்து இலவசமாகக் கிடைத்தது, நோயாளியின் குடும்பத்தினர் அல்லது நண்பர் ஒருவர் துணைக்கு நின்றார். ஓராண்டு முடிவில், அந்தக் குழுவில் 69 விழுக்காட்டினரின் மேல் எண் 140-க்குக் கீழே வந்தது. வழக்கமான சிகிச்சை பெற்றவர்களில் 30 விழுக்காடுதான். தமிழ்நாட்டிலும் 2021 ஆகஸ்டில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் பெண் தன்னார்வலர்கள் கருவியைத் தூக்கிக்கொண்டு வீடு வீடாகப் போய் அளக்கிறார்கள். நம் தோட்டத்து டிரெசர்கள் ஒரு காலத்தில் செய்த வேலையின் வாரிசு இது என்றே நான் பார்க்கிறேன்.

மெர்சிங் போன்ற ஊருக்கு வீட்டில் அளப்பதுதான் மிகப் பெரிய உதவி. சிறப்பு மருத்துவரைப் பார்க்க குளுவாங்குக்கோ ஜோகூர் பாருவுக்கோ போக வேண்டும். மழைக்காலத்தில் தீவுப் படகுகள் நின்றுவிடும். 24 மணி நேரம் கட்டிவிடும் கருவி எல்லா கிளினிக்கிலும் கிடைக்காது. நல்ல டிஜிட்டல் கருவி ஒன்று வீட்டில் இருந்தால் அந்த இடத்தை நிரப்பும். காலையில் எழுந்து சிறுநீர் கழித்த பின், மாத்திரைக்கும் சாப்பாட்டுக்கும் முன் இரண்டு தடவை. இரவு படுக்கப் போகும் முன் இரண்டு தடவை. ஏழு நாள். முதல் நாளை விட்டுவிட்டு மற்ற நாள்களின் சராசரியைப் பாருங்கள். வீட்டு அளவுக்குக் கோடு 135/85. கிளினிக்கின் 140/90 இல்லை. நல்ல எண்ணை மட்டும் பொறுக்கி எழுதாதீர்கள். டாக்டர் திட்டுவார் என்று பயந்து கூடிய எண்ணை மறைத்தால், ஏமாறுவது உங்கள் சிறுநீரகம். கருவியை ஆண்டுக்கு ஒரு முறை கிளினிக்குக்குக் கொண்டு வந்து அங்குள்ளதோடு ஒப்பிட்டுப் பாருங்கள். கருவி வாங்க இயலாத குடும்பங்களுக்காக, கோவில் மண்டபத்திலோ சமூக மண்டபத்திலோ ஒரு நல்ல கருவியும், அமைதியான ஒரு மூலையும், சாய்மானமுள்ள நாற்காலியும், ஒரு மேசையும் வைக்க நம் சங்கங்கள் முன்வர வேண்டும். திருவிழாக் கூட்டத்தில் மேளச் சத்தத்துக்கு நடுவே வரிசையில் நிற்க வைத்து அளக்கும் முகாம்களால் அதிகப் பயனில்லை. அங்கே கிடைக்கும் எண்ணை யாருக்கும் நோய் என்று சொல்லப் பயன்படுத்தாதீர்கள். மறுபடி அளக்க ஓர் அழைப்பாக மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

உணவைப் பற்றி ஒரு வார்த்தை. 2017, 2018 ஆண்டுகளில் நடந்த உப்பு ஆய்வில் மலேசியர்கள் சராசரியாக ஒரு நாளைக்கு 7.9 கிராம் உப்பு சாப்பிடுவதாகத் தெரிந்தது. உலக சுகாதார நிறுவனம் சொல்லும் எல்லை 5 கிராம். நம் ஊர்க் கருவாடும் கெரோப்போக்கும் எனக்கும் பிடிக்கும். அளவோடு சாப்பிடுங்கள். இதற்கு மேல் அதை இன்று பேசப் போவதில்லை.

கிளினிக் நடத்தும் நண்பர்களுக்கு என் வேண்டுகோள் இது. காத்திருக்கும் இடத்தின் ஒரு மூலையில் ஐந்து நிமிட நாற்காலி ஒன்றைப் போடுங்கள். நம்பர் கூப்பிடும் முன்பே மிசி (தாதி) அங்கே வந்து அளக்கட்டும். காத்திருக்கும் நேரமே ஓய்வு நேரம் ஆகிவிடும், உங்கள் வேலையும் தாமதமாகாது. மூன்று பட்டைகள் வாங்குங்கள். அளவு மிக அதிகமாக இல்லாவிட்டால், முதல் நாளிலேயே மாத்திரை எழுதாதீர்கள். எண் 180/120-ஐத் தாண்டி, நெஞ்சுவலி, மூச்சுத் திணறல், கை கால் பலவீனம் போன்றவை இருந்தால் அது அவசரம். அப்போது ஒரு நிமிடமும் தாமதிக்காமல் மருத்துவமனைக்கு அனுப்புங்கள்.

உங்கள் எல்லோருக்கும் ஒன்று. அடுத்த முறை யாராவது அவசரமாகப் பட்டையைக் கட்ட வந்தால் தயங்காதீர்கள். “மிசி, இப்பத்தான் வந்தேன். அஞ்சு நிமிஷம் உட்கார்ந்துக்கிறேன். பிறகு எடுங்க. ரெண்டு தடவை எடுங்க. எவ்வளவுன்னு ஒரு தாள்ல எழுதிக் கொடுங்க” என்று மரியாதையாகக் கேளுங்கள். அப்படிக் கேட்பது உங்கள் உரிமை. யாராவது முகம் சுளித்தால், நான் சொல்லச் சொன்னதாகச் சொல்லுங்கள்.